அப்ரூவல் வரும்வரை: முதல் செயலி போடுகிறவர்களுக்கு

கோடு எழுதுவது எப்படி என்று உங்களுக்குச் சொல்ல நான் யார்? அதில் நீங்கள் என்னைவிட வேகம். எழுதி முடித்து, சோதித்துப் பார்த்து, ‘சப்மிட்’ பொத்தானை அழுத்திய பிறகு தொடங்குகிற வேறொரு வேலையைப் பற்றித்தான் இந்தக் குறிப்புகள். கல்லூரியில் யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை. கம்பெனிகளில் பெரும்பாலும் யாரோ ஒருவர் மட்டும் இதைக் கவனித்துக்கொண்டிருப்பார். அவர் லீவில் போகும்போதுதான் இப்படி ஒரு வேலை இருப்பதே மற்றவர்களுக்குத் தெரியும். தனியாகச் செயலி போட வந்துவிட்டீர்கள் என்றால் அந்த ஒருவர் இனி நீங்கள்தான்.

1. கடை உங்களுடையது இல்லை. ஆப்பிள் தன் ஆப் ஸ்டோரை 2008 ஜூலை 10 அன்று திறந்தபோது அதில் சுமார் 500 செயலிகள் இருந்தன. அதற்கு முன்பும் நாங்கள் மென்பொருள் விற்றுக்கொண்டுதான் இருந்தோம். சொந்த இணையதளத்தில் ஏற்றி வைப்போம், வாங்குகிறவர் இறக்கிக்கொள்வார். காலையில் ஒரு பக் பிடிபட்டால் சாயங்காலத்துக்குள் திருத்திய பதிப்பு அவர் கணினியில் இருக்கும். இப்போது ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினாலும் மூன்றாமவர் சரி என்று சொன்னால்தான் வாடிக்கையாளர் கைக்குப் போகும். ஆண்ட்ராய்டு பக்கம் கூகுள் முதல் சில ஆண்டுகள் தாராளமாக விட்டிருந்தது. 2015 மார்ச்சில் ஆட்களை வைத்துப் பார்ப்பதாக அறிவித்தது. இன்று இரண்டு வாசலிலும் ஆள் உண்டு.

இதில் பெரியவர், சிறியவர் கிடையாது. 2020 செப்டம்பர் 18 அன்று பேடிஎம் செயலியே பிளே ஸ்டோரிலிருந்து சில மணி நேரம் காணாமல் போனது. கிரிக்கெட்டை ஒட்டிய ஒரு கேஷ்பேக் திட்டம் சூதாட்ட விதியில் மாட்டிக்கொண்டது. அவர்களுக்கு அன்றே திரும்பக் கிடைத்துவிட்டது. உங்களுக்கும் எனக்கும் அன்றே கிடைக்கும் என்று கணக்குப் போட வேண்டாம்.

2. தாமதமானால் அடி விழுவது வாடிக்கையாளருக்கு. புதிதாக வருகிறவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை. ‘என் செயலியை ரிஜெக்ட் செய்துவிட்டார்கள்’ என்று தன் வருத்தத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

ரோக் அமீபா என்று அமெரிக்காவில் ஒரு சிறிய நிறுவனம். மேக் கணினிக்கு ஒலி சார்ந்த மென்பொருள் செய்வதில் நல்ல பெயர். கணினியில் ஓடும் பாட்டை ஐபோனில் கேட்க வைக்கும் ‘ஏர்ஃபாயில் ஸ்பீக்கர்ஸ் டச்’ என்ற செயலியை 2009-ல் வெளியிட்டார்கள். முதல் பதிப்பில் ஒலி தொடர்பான சில கோளாறுகள். அவற்றைத் திருத்தி 1.0.1 பதிப்பை ஆப்பிளுக்கு அனுப்பினார்கள். புதிய வசதி எதுவும் இல்லை, பழுது நீக்கம் மட்டும்தான். அது ரிஜெக்ட் ஆனது. காரணம் பழுதும் இல்லை, திருத்தமும் இல்லை. பாட்டு எந்தக் கணினியிலிருந்து வருகிறது என்று காட்ட அந்த மேக்கின் படத்தைத் திரையில் காட்டினார்களாம்; ஆப்பிள் பொருளின் படத்தைக் காட்டக் கூடாதாம். அந்தப் படத்தைத் தருவதே மேக்கின் சொந்த இயங்குதளம்தான். இதே படங்கள் முதல் பதிப்பிலும் இருந்தன, அப்போது அனுமதித்திருந்தார்கள். மடலும் மறுமடலுமாக மூன்றரை மாதம் இழுத்து, கடைசியில் படங்களை எடுத்துவிட்டுத்தான் பழுது நீக்கம் வெளியே வந்தது.

அந்த மூன்றரை மாதமும் அந்தச் செயலியை வைத்திருந்தவரை நினைத்துப் பாருங்கள். பாட்டு கோளாறாகத்தான் கேட்கிறது. மருந்து தயாராகி ஒரு சர்வரில் கிடக்கிறது, அது அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் இந்தக் கம்பெனி பழுதான சரக்கை விற்றுவிட்டுச் சும்மா இருக்கிறது என்பதுதான். இனி ஐபோனுக்குப் புதிய செயலி செய்யும் எண்ணமில்லை என்று ரோக் அமீபா 2009 நவம்பரில் அறிவித்தது. ஃபேஸ்புக்கின் ஐபோன் செயலியை எழுதிய ஜோ ஹெவிட்டும் அதே மாதம் இந்த ரிவ்யூ முறை பிடிக்காமல் ஒதுங்கிக்கொண்டார். தொழில் தெரிந்தவர்கள் விலகிப்போனால் அந்த இழப்பும் கடைசியில் வாடிக்கையாளருக்குத்தான்.

இன்று அவ்வளவு மோசமில்லை. பெரும்பாலும் ஒரே நாளில் பதில் வந்துவிடுகிறது. ஆனால் வாடிக்கையாளர் நடுவில் இருப்பவரை அறியமாட்டார் என்பது அப்படியே இருக்கிறது.

3. விதிகளைப் படியுங்கள், வடிவமைப்பு தொடங்கும் முன் ஒருமுறை, அனுப்பும் முன் ஒருமுறை. சலிப்பாக இருக்கும், தெரியும். எங்கள் காலத்தில் படிக்க விதியே கிடையாது. ஆப்பிள் தன் ரிவ்யூ விதிகளை வெளிப்படையாக வெளியிட்டது 2010 செப்டம்பரில்தான். அதுவரை இரண்டு வருடம், அனுப்பிப் பார்த்து அடி வாங்கித்தான் விதி இன்னதென்று தெரிந்துகொள்ள வேண்டும். கார்ட்டூனிஸ்ட் மார்க் ஃபியோரின் செயலி பொது மனிதர்களைக் கேலி செய்கிறது என்று 2009 டிசம்பரில் திருப்பி அனுப்பப்பட்டது. 2010 ஏப்ரலில் அவருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. ஊர் சிரித்த பிறகு செயலிக்கு அனுமதியும் கிடைத்தது. பரிசு வாங்காத கார்ட்டூனிஸ்ட் என்ன செய்வார் என்று அன்றே பலர் கேட்டார்கள்.

எல்லா விதியும் மனப்பாடம் ஆக வேண்டியதில்லை. ஆப்பிளில் 2.1 (செயலி முழுமையாக, உடையாமல் இருக்க வேண்டும்), 3.1.1 (டிஜிட்டல் சரக்குக்கு அவர்கள் வழியாகப் பணம்), 4.3 (ஒரே செயலியைப் பெயர் மாற்றிப் பலவாகப் போடக் கூடாது), 5.1.1 (தேவைக்கு மேல் தகவல் கேட்கக் கூடாது) ஆகிய நான்கிலும்தான் பெரும்பாலான புதியவர்கள் இடறுகிறார்கள். கணக்குத் தொடங்க வசதி வைத்தால், கணக்கை அழிக்கவும் செயலிக்குள்ளேயே வழி வைக்க வேண்டும். 2022 ஜூன் 30-லிருந்து இது கட்டாயம். இதை மறந்து அனுப்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

4. ரிவ்யூ செய்கிறவரை எதிரியாக நினைக்காதீர்கள். நான் இந்த முறையின் ரசிகன் இல்லை. ஆனாலும் கடன் செயலிகள் நம் ஊரில் செய்த அட்டூழியத்தைப் பார்த்தவன். சில ஆயிரம் ரூபாய் கொடுத்துவிட்டு, கைப்பேசியில் இருக்கிற தொடர்பு எண்களையும் படங்களையும் உருவிக்கொண்டு, தவணை தவறினால் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு மானத்தை வாங்கினார்கள். 2021 ஏப்ரலிலிருந்து 2022 ஜூலைக்குள் கூகுள் 2,500-க்கு மேற்பட்ட கடன் செயலிகளை நீக்கியது. தனிநபர் கடன் செயலிகள் தொடர்பு எண்களையும் படங்களையும் தொடவே கூடாது என்ற விதி 2023 மே 31 முதல் வந்தது. உங்கள் செயலி இருப்பிடத்தையோ கேமராவையோ கேட்கும்போது ‘எதற்கு?’ என்று துருவிக் கேட்கிறார்களே, அது இந்த மாதிரி ஆட்களை மனதில் வைத்துத்தான்.

அதே சமயம் ரிவ்யூ செய்கிறவருடைய ஒப்புதலை ஐஎஸ்ஐ முத்திரையாகவும் எண்ண வேண்டாம். 2009-ல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் கேட்டபோது, வாரத்துக்குச் சுமார் 8,500 செயலிகளையும் அப்டேட்களையும் 40-க்கு மேற்பட்ட முழுநேர ஆட்கள் பார்ப்பதாக ஆப்பிள் சொன்னது. ஒவ்வொன்றையும் குறைந்தது இரண்டு பேர் பார்ப்பார்களாம். ஒருவருக்கு எத்தனை நிமிடம் கிடைத்திருக்கும் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். 2024 பிப்ரவரியில், பாஸ்வேர்டு காக்கும் லாஸ்ட்பாஸ் செயலியைப் போலவே ‘லாஸ்பாஸ்’ என்ற போலி ஒன்று ஆப்பிளின் ரிவ்யூவைத் தாண்டிக் கடைக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. அனுமதி வாங்கிவிட்டோம், அதனால் பாதுகாப்பானது என்று உங்கள் வாடிக்கையாளரிடம் சொல்லாதீர்கள்.

5. ரிவ்யூவரிடம் இந்திய எண் இல்லை. சிறிய விஷயம்தான், ஆனால் நம் ஊர்ச் செயலிகள் இதில் மாட்டுகிற அளவுக்கு வேறெதிலும் மாட்டுவதில்லை.

செயலியைத் திறந்ததும் கைப்பேசி எண் கேட்கிறது. முன்னால் +91 ஒட்டியிருக்கிறது. எண்ணைப் போட்டால் ஆறு இலக்க ஓடிபி வரும். நமக்கு இதில் விசேஷம் ஒன்றும் தெரியாது. ரிவ்யூவர் எங்கோ கலிஃபோர்னியாவில் உட்கார்ந்திருக்கிறார். முதல் திரையிலேயே நின்றுவிடுவார். மறுநாள் காலையில் உங்களுக்கு வரும் மடலில் 2.1 என்ற விதி எண்ணும், உங்கள் சொந்த லாகின் திரையின் படமும் இருக்கும். ஐபோனுக்காகவே செய்த செயலியாக இருந்தாலும் படம் பெரும்பாலும் ஐபேடில் எடுத்ததாக இருக்கும். அந்தப் பெரிய திரையில் உங்கள் பொத்தான் எங்கே ஒளிந்துகொண்டது என்பதும் அப்போதுதான் தெரியும்.

ஆகவே சர்வரில் ஒரு டெமோ எண்ணுக்கு மாறாத ஓடிபி வையுங்கள். அந்தக் கணக்கில் நான்கைந்து பழைய ஆர்டர், ஒரு முகவரி, ஒரு ரத்தான பில் என்று போட்டு வையுங்கள். காலியான திரையைப் பார்த்தால் செயலியே முடியவில்லை என்று நினைப்பார்கள். பள்ளி வேன் எங்கே வருகிறது என்று காட்டும் செயலி என்றால் ரிவ்யூவருக்கு ஏது வேன்? வேன் ஓடும்போது திரை எப்படி நகர்கிறது என்று வீடியோ எடுத்து இணையுங்கள். இதையெல்லாம் ரிவ்யூ குறிப்புப் பெட்டியில் எளிய ஆங்கிலத்தில், வரிசையாக, எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன வரும் என்று எழுதுங்கள். காசு மிச்சம் பிடிக்க ராத்திரி சோதனை சர்வரை அணைத்துவிடும் பழக்கம் சிலருக்கு உண்டு. ரிவ்யூவரின் பகல் நமக்கு ராத்திரி. செயலி அவர் கையில் இருக்கும் வாரத்தில் சர்வர் தூங்கக் கூடாது.

6. தேதி கொடுக்காதீர்கள். ‘தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஆப் லைவ் ஆகிடணும் சார், பேப்பர் விளம்பரம் கொடுத்தாச்சு’ என்று இனிப்புக் கடைக்காரர் சொல்வார். அனுப்புவதில் 90 சதவீதத்தை 24 மணி நேரத்துக்குள் பார்த்துவிடுவதாக ஆப்பிள் சொல்கிறது. பார்ப்பது வேறு, ஒப்புதல் தருவது வேறு. 2022-ல் 61 லட்சத்துக்கு மேல் ரிவ்யூ செய்து சுமார் 16.8 லட்சத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். நான்கில் ஒன்றுக்கு மேல். விளம்பரத் தேதிக்கு மூன்று வாரம் முன்னால் அனுப்பி, ஒப்புதலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வெளியிடும் பொத்தானை நீங்களே அழுத்துகிற மாதிரி அமைக்க இரண்டு கடையிலும் வசதி இருக்கிறது.

கூகுளில் 2023 நவம்பர் 13-க்குப் பின் தொடங்கிய தனிநபர் கணக்குகளுக்கு இன்னொரு முட்டுக்கட்டை உண்டு. ஆட்களைச் சேர்த்து 14 நாள் தொடர்ந்து சோதித்துக் காட்டிய பிறகுதான் பொது வெளியீட்டுக்கு விண்ணப்பிக்கவே முடியும். முதலில் 20 பேர் என்று இருந்தது, 2024 டிசம்பரில் 12 பேர் ஆக்கினார்கள். அத்தை பையன், ஹாஸ்டல் நண்பன் என்று எல்லோரையும் இப்போதே பிடித்து வையுங்கள்.

7. ஒரேயடியாக எல்லோருக்கும் விடாதீர்கள். ஆப்பிளில் அப்டேட்டை ஏழு நாளில் படிப்படியாக விடலாம்: 1, 2, 5, 10, 20, 50, பிறகு 100 சதவீதம். பிழை தெரிந்தால் நடுவில் நிறுத்திக்கொள்ளலாம். பழைய பதிப்புக்குத் திரும்பிப் போகும் பொத்தான் கிடையாது; திருத்தத்தைப் புது எண்ணோடு மறுபடி வரிசையில்தான் நிற்க வைக்க வேண்டும். இதனால்தான் சந்தேகமான வசதி எதுவானாலும் அதை அணைக்கும் சுவிட்சைச் சர்வரில் வைக்கச் சொல்கிறேன். ரிவ்யூவரின் ஒப்புதலுக்குக் காத்திராமல், ஏற்கெனவே கைப்பேசிகளுக்குப் போய்விட்ட கெட்டுப்போன ஒன்றை நிறுத்த உங்களுக்கு இருக்கும் ஒரே வழி அது.

8. அந்தச் சுவிட்சைத் திருட்டு வேலைக்குப் பயன்படுத்தாதீர்கள். 2010-ல் ஹேண்டிலைட் என்று ஒரு டார்ச் செயலி வந்தது. உள்ளே இணையத்தைக் கணினியோடு பகிரும் வசதியை ஒளித்து வைத்திருந்தார்கள். விஷயம் வெளியே தெரிந்ததும் நீக்கப்பட்டது. 2020 ஆகஸ்ட் 13 அன்று எபிக் கேம்ஸ் தன் ஃபோர்ட்நைட்டுக்குள் நேரடிப் பணம் கட்டும் வழியைச் சர்வரிலிருந்து திறந்துவிட்டது. அன்றே ஆப்பிள் கடையிலிருந்து போனது. அமெரிக்க ஐபோன்களுக்குத் திரும்பி வந்தது 2025 மே மாதம்தான். எபிக்கிடம் வக்கீல்களுக்குக் கொடுக்கப் பணம் இருந்தது, வேண்டுமென்றே சண்டைக்குப் போனார்கள். உங்களிடம் என்ன இருக்கிறது?

9. ரிஜெக்ட் மடலுக்குக் கோபத்தில் பதில் எழுதாதீர்கள். மடலில் விதி எண் இருக்கும். அந்த விதியைத் திறந்து முழுக்கப் படித்த பிறகு, எது புரியவில்லையோ அதை மட்டும் கேளுங்கள். பாதிக்கு மேல் இதிலேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது.

‘ஹே’ என்ற மின்னஞ்சல் செயலியின் கதை இதில் உங்களுக்கு உதவும். 2020 ஜூனில் அதன் முதல் பதிப்பை அனுமதித்துவிட்டு, பழுது நீக்கிய அடுத்த பதிப்பை, செயலிக்குள் பணம் வாங்கும் வசதி இல்லை என்று ஆப்பிள் மறித்தது. அவர்கள் ஊரைக் கூட்டினார்கள். அந்தச் சூடு ஆறுவதற்குள் ஆப்பிள் இரண்டு மாற்றம் அறிவித்தது: விதியையே எதிர்த்து முறையிடலாம், ஏற்கெனவே கடையில் இருக்கும் செயலிக்கான பழுது நீக்கத்தை, சட்டச் சிக்கல் இருந்தால் தவிர, விதி மீறலைக் காட்டி நிறுத்தி வைக்க மாட்டோம். ரோக் அமீபாவுக்கு 2009-ல் கிடைக்காதது இது. உங்கள் பழுது நீக்கம் மாட்டிக்கொண்டால் இந்த இரண்டாவதைச் சொல்லிக் கேளுங்கள்: இதை இப்போது விடுங்கள், நீங்கள் சொல்வதை அடுத்த பதிப்பில் சரிசெய்கிறோம் என்று. உண்மையிலேயே அவசரம் என்றால் விரைவு ரிவ்யூ கேட்கவும் வழி உண்டு. பொத்தான் நிறம் மாற்றியதற்கெல்லாம் அதைக் கேட்டால், பணம் தவறாகக் கழியும் நாளில் உங்கள் பேச்சு எடுபடாது.

10. கமிஷனை விலையில் சேர்த்துக்கொண்டு பேரம் பேசுங்கள். இனிப்பு, புடவை, ஆட்டோ சவாரி எதற்கும் கமிஷன் கிடையாது. பாடம், பாட்டு போன்ற டிஜிட்டல் சரக்கு என்றால் பொதுவாக 30 சதவீதம். வருடத்துக்கு 10 லட்சம் டாலருக்குள் விற்கிறவர்களுக்கு 2021 முதல் 15. ஆப்பிளில் அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

இதை எதிர்த்துச் சண்டை போட்டவர்களில் சென்னைக்காரர்களும் உண்டு. பாரத் மேட்ரிமோனியை நடத்தும் மேட்ரிமோனி.காம், கூகுளின் கட்டண முறையை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. கூகுள் தன் பிளே ஸ்டோர் வலிமையைத் தவறாகப் பயன்படுத்தியது என்று இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் 936.44 கோடி ரூபாய் அபராதம் விதித்திருந்தது. வேறு வழியில் பணம் வாங்கலாம், ஆனால் 4 சதவீதம் மட்டும் குறைத்துக்கொண்டு 11 அல்லது 26 கொடுங்கள் என்றது கூகுள். நீதிமன்றத்தில் வழக்கு நிற்கவில்லை. 2024 மார்ச் 1 அன்று பாரத் மேட்ரிமோனி உள்படப் பல இந்தியச் செயலிகள் பிளே ஸ்டோரிலிருந்து எடுக்கப்பட்டன. மத்திய அரசு தலையிட்ட பிறகு சில நாளில் திரும்ப வந்தன. பெண்ணுக்கு வரன் தேட அந்த வாரம்தான் முதன்முதலாகச் செயலியைத் தேடிய ஒரு தகப்பனாருக்கு ஆணையமும் தெரியாது, 11-ம் தெரியாது, 26-ம் தெரியாது. தேடினார், கிடைக்கவில்லை.

11. கணக்கு வாடிக்கையாளர் பெயரில் இருக்கட்டும். ஆப்பிளுக்கு வருடம் 99 டாலர், கூகுளுக்கு ஒரே தடவை 25 டாலர். இதை மிச்சம் பிடிக்க எல்லாக் கடைக்காரர்களின் செயலியையும் தன் கணக்கிலேயே போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒருவருடைய செயலி விதி மீறினால் அடி கணக்குக்கே விழும், மற்றவர்களும் சேர்ந்து மூழ்குவார்கள். நிறுவனக் கணக்குக்கு, நிறுவனத்தை அடையாளம் காட்டும் டன்ஸ் எண் வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும். முன்பணம் வாங்கிய அன்றே அதைத் தொடங்கிவிடுங்கள். ஆப்பிளின் ஆண்டுக் கட்டணத்தைக் கட்டத் தவறினால் செயலி கடையிலிருந்து இறங்கிவிடும் என்பதைக் கடைக்காரரின் கணக்குப்பிள்ளையிடமும் சொல்லி வையுங்கள்.

12. சொந்தமாக ஓர் இணையதளம், சம்மதத்தோடு வாங்கிய மின்னஞ்சல் பட்டியல். இரண்டும் கட்டாயம். கடை உங்களை இறக்கிவிட்டால் வாடிக்கையாளரிடம் பேச வேறு வாய் இல்லை.

13. ஒற்றை நட்சத்திரம் போட்டவருக்குப் பதில் எழுதுங்கள். 2017 வரை ஆப்பிள் கடையில் பதில் எழுதவே முடியாது. திட்டியதை வாசித்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இப்போது முடியும், ஆனால் ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று ஒட்டிவிட்டுப் போகிறவர்களே அதிகம். அதற்கு எழுதாமலே இருக்கலாம். நடந்ததைச் சொல்லுங்கள்: ‘பணம் கழிந்தும் ஆர்டர் பதிவாகாத பிழையைத் திருத்திவிட்டோம். புதிய பதிப்பு நேற்று ஆப்பிளின் ஒப்புதலுக்குப் போயிருக்கிறது. அதுவரை எங்கள் இணையதளத்தில் ஆர்டர் செய்யலாம். கழிந்த தொகையைத் திருப்பி அனுப்ப ஆர்டர் எண்ணோடு எங்களுக்கு எழுதுங்கள்.’ ஆப்பிள்தான் தாமதம் செய்கிறது என்று பழி போட வேண்டாம், அதை வைத்து அவர் ஒன்றும் செய்ய முடியாது. ஒப்புதல் வந்த அன்று அதே பதிலைத் திறந்து, பதிப்பு எண்ணைப் போட்டு, ‘இப்போது கிடைக்கிறது’ என்று மாற்றுங்கள். கொடுத்த நட்சத்திரத்தை மாற்றிக்கொள்ள அவருக்கும் வழி இருக்கிறது.